மாமாவின் கணக்கு

என் பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு வீட்டில் ஒரு குழந்தை பத்தாம் வகுப்புப் படித்தால், அந்த வீட்டில் எல்லோருமே பத்தாம் வகுப்புத்தான். போன தை மாதத்தில் ஒருநாள் இரவு, சாப்பாடு முடிந்து நான் சாவகாசமாக ஒரு புத்தகத்தை எடுத்த நேரம் பார்த்து, தமிழ்நாட்டுப் படம் ஒன்றை மேஜைமேல் விரித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். மாநிலத்தின் இயற்கை வளங்களைப் படத்தில் குறியிட்டுக் காட்ட வேண்டுமாம்.

"கதை எழுதுகிறவரைப் போய்ப் பூகோளம் கேட்கிறாயே! அவர் இல்லாத ஊரையெல்லாம் படத்தில் போட்டுவிடப் போகிறார்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலுக்கு ரோஷப்பட்டே நான் உட்கார்ந்தேன்.

சேலத்தில் மாக்னசைட்டும் இரும்புத் தாதும். சேர்வராயன், கொல்லி மலைகளில் பாக்சைட். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல். நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் எண்ணெய். தூத்துக்குடியில் உப்பு. தெற்குக் கோடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அருமண் கலந்த மணல். குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் ஒரு குறி போட்டாள். கடைசியாக, கறுப்புப் பென்சிலால் ஒரு முக்கோணம்: நெய்வேலி, பழுப்பு நிலக்கரி. தமிழ்நாட்டில் கறுப்பு நிலக்கரி எடுப்பதில்லை. எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அது கப்பலில் வந்து இறங்குகிறது. ஆனால் பழுப்பு நிலக்கரியில் நாம் பணக்காரர்கள். இந்தியாவின் மொத்த இருப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நம் மண்ணுக்கு அடியில்தான் கிடக்கிறது.

"அப்பா, நம்ம ஊர்ல என்ன கிடைக்கும்?" என்றாள் திடீரென்று.

"எந்த ஊரில்?"

"சேத்தியாத்தோப்புல."

படத்தைப் பார்த்தேன். குழந்தை கொஞ்சம் தாராளமான கை. முக்கோணத்தின் தெற்கு மூலை நெய்வேலியைத் தாண்டிச் சேத்தியாத்தோப்பையும் மூடியிருந்தது. "நம்ம ஊரும் இதுக்குள்ளேயே அடங்கிப்போச்சு அப்பா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லுவதற்கு முன் என்னைப் பற்றிய ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

சேத்தியாத்தோப்பு என்று நாங்கள் சொல்லுவது உண்மையில் சேத்தியாத்தோப்பு அல்ல. அதற்குக் கிழக்கே, பஸ்ஸைவிட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டிய ஒரு சிறு கிராமம். என் தாயார் பிறந்த ஊர். அங்கே அம்மாவின் பங்காக ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அம்மா காலமான பிறகும் என் தாய்மாமன்தான் அதைப் பயிரிட்டு வருகிறார். குத்தகை என்று நான் கேட்டதில்லை. கணக்கு என்று அவர் சொன்னதில்லை. ஒவ்வொரு தை மாதமும் இரண்டு மூட்டை அரிசி லாரியில் வந்து இறங்கும். அவ்வளவுதான் எனக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள உறவு.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் மத்திய அரசு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஏலம் விடப்போகும் இடங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். அவற்றில் தமிழ்நாட்டுப் பழுப்பு நிலக்கரி இடங்கள் மூன்று: வடசேரி, மைக்கேல்பட்டி, மூன்றாவது 'சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு'. காலைப் பத்திரிகையில் அதைப் படித்ததும் என் மனத்தில் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? சந்தோஷம்! சொந்த ஊரின் பெயரை அச்சில் பார்க்கிற அற்ப சந்தோஷம். அடுத்தாற்போல் தோன்றியதுதான் வெட்கக்கேடு. ஒரு பென்சிலை எடுத்தேன். பத்திரிகையின் ஓரத்திலேயே ஒன்றரை ஏக்கரைப் பெருக்கினேன். நஷ்ட ஈடு ஏக்கருக்கு இவ்வளவு வந்தால், வீட்டுக் கடனில் இவ்வளவு தீரும். மீதியில் முன்பக்கம் ஒரு பால்கனி கட்டலாம். காபி ஆறுவதற்குள் பால்கனி எழும்பிவிட்டது. அதில் ஒரு பிரம்பு நாற்காலிகூடப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டெல்டா முழுவதும் கொதித்தெழுந்தது. 2020-ஆம் ஆண்டில்தான் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டசபையில் சட்டம் செய்திருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் ஐந்து வட்டாரங்கள் அதில் சேர்ந்தவை. முதலமைச்சர் ஏப்ரல் 4-ஆம் தேதி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8-ஆம் தேதி மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். நண்பர்கள் டெலிபோனில் கூப்பிட்டார்கள். "நல்ல காலம், பிழைத்தோம்" என்று எல்லோரிடமும் நானும் சொன்னேன். வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே உள்ளே ஒரு பால்கனி இடிந்து விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அன்று மத்தியானம் மனைவி இலையில் சாதம் போட்டாள். மாமா அனுப்பிய அரிசி. வழக்கம்போல் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குழந்தையின் கறுப்பு முக்கோணம் அதைத் தோண்டி எடுத்துவிட்டது. அந்த வாரமே மாமாவிடமிருந்தும் டெலிபோன் வந்தது.

"மாப்ளே, அறுப்பு நடக்குது. உங்கம்மா பங்கு விசயமாப் பேசணும். ஒரு நடை வந்துட்டுப் போ."

சென்னையிலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பஸ்ஸில் தூங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான். இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. விக்கிரவாண்டியில் திருச்சி சாலையைவிட்டுப் பிரிந்து பண்ருட்டிப் பாதையில் இறங்கியதும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. நான் தெற்கே போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு எதிர்த் திசையில், பூமிக்கு அடியில், வீராணம் ஏரியின் தண்ணீர் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. 2004-ஆம் ஆண்டிலிருந்து அது ஓடுகிறது. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஏரியில் எடுத்து, வடக்குத்தில் சுத்தம் செய்து, கடாம்புலியூர் மேட்டுக்கு ஏற்றிவிட்டால், அங்கிருந்து தன் பாரத்தாலேயே சென்னைப் போரூர் வரை வந்து சேர்ந்துவிடும். இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். நாள் ஒன்றுக்குப் பதினெட்டுக் கோடி லிட்டர் என்பது திட்டம். காலையில் நான் பல் தேய்த்த தண்ணீரை வழியிலே எதிர்கொண்டு போகிறேன் என்று நினைத்தபோது வேடிக்கையாக இருந்தது.

இதற்கு முன்னும் ஒரு வீராணம் திட்டம் இருந்தது. 1960-களின் கடைசியில் தொடங்கி, பாதியில் நின்றுபோன திட்டம். அதற்காக வார்த்த பிரம்மாண்டமான சிமெண்டுக் குழாய்கள் வருஷக்கணக்கில் சாலையோரத்தில் கிடந்தன. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது விடுமுறையில் அவற்றுக்குள் புகுந்து கத்துவோம். குரல் பத்து மடங்காகித் திரும்பி வரும். வீடில்லாத ஏழைகள் சில குழாய்களில் குடித்தனமே நடத்தினார்கள். ஒரு பக்கம் கோணிப் படுதா, மறு பக்கம் அடுப்பு. தண்ணீர் போகாத குழாயில் மனிதர்கள் இருந்தார்கள். இப்போது குழாய் மண்ணுக்கு அடியில் மறைந்துவிட்டது, தண்ணீர் போகிறது, கத்திப் பார்க்கத்தான் வழியில்லை.

பண்ருட்டியில் பலாப்பழ வாசனை இல்லாத காலம் அது. ஆனால் சாலையின் இரு பக்கமும் முந்திரித் தோப்புகள் பசுமையாக நின்றன. மண் செக்கச் சிவந்த மண். மழைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறைத்துக்கொள்ளுகிற மண். முந்திரிக்கும் பலாவுக்கும் அதுதான் பிடிக்கும். நெய்வேலியை நெருங்கும்போது தொலைவில் ஒரு குன்று தெரிந்தது. பக்கத்து ஸீட்டுப் பையன், "அது என்ன மலை?" என்று தன் தாயைக் கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பூகோளப் படத்தில் இல்லாத மலை அது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் குவித்த மண்.

நெய்வேலியின் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போடுகையில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. வேறு யாராவதாக இருந்தால் கிணறு கெட்டுப்போயிற்று என்று மூடியிருப்பார்கள். அவர் விடவில்லை. 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் அதை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். கரியைத் தொடுவதற்கு நூற்றைம்பது அடிக்குமேல் மண்ணை வெட்ட வேண்டும். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கரிக்குக் கீழே இன்னொரு சங்கடம். அங்கே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைத்து இறைத்து அதைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் உடைத்துக்கொண்டு வரும். கரிச் சுரங்கம் என்று பெயர். பாதி நேரம் அது கிணறு.

அடுத்தாற்போல் வடலூர். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறது. சில கிலோமீட்டருக்குள் இரண்டு பெரிய நெருப்பு. ஒன்று ஊருக்கு விளக்கேற்றுகிறது, ஒன்று ஏழைக்குச் சோறு ஆக்குகிறது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் சோறு ஆக்குகிற நெருப்புக்கு அரிசி எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா?

அது எங்கிருந்து வருகிறது என்பது வடலூரைத் தாண்டியதும் தெரிந்தது. சிவப்பு மண் மெல்ல மெல்லக் கறுத்தது. முந்திரி பின்தங்கியது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கி வரிசையாக ஊர்ந்தன. பிறகு நெல். கண் எட்டிய தூரம் வரை, அறுத்ததும் அறுக்காததுமாக நெல். வறண்ட மேட்டுப் பூமி முடிந்து காவிரிப் பாசனம் தொடங்குகிற வாசற்படி சேத்தியாத்தோப்பு. சேலத்து மலைகளில் பிறந்த வெள்ளாறு ஊரை ஒட்டி ஓடி, அணைக்கட்டில் தேங்கி, வாய்க்கால்களில் பிரிந்து, மிச்சம் பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போகிறது. தெற்கே வீராணம் ஏரி. கீழே கரி. நடுவே வயல். எங்கள் ஊரின் செல்வம் முழுவதும் மாடி மாடியாக ஒரே இடத்தில் அடுக்கி வைத்தாற்போல் இருக்கிறது. சங்கடமும் அதுதான். கீழ்மாடியிலிருப்பதை எடுக்க வேண்டுமென்றால் மேல்மாடியை இடித்துத்தான் எடுக்க வேண்டும்.

மாமாவுக்கு வயது எழுபத்தைந்து. வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வயலுக்குள் அறுவடை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. "ஆளு கிடைக்கலே மாப்ளே. மணிக்கணக்குக்கு வாடகை. ஒரு பொழுதுல முடிஞ்சுபோகுது. முன்னே அறுப்புன்னா பத்து நாளு திருவிழா" என்றார். அத்தை மோர் கொண்டுவந்தாள். மாமாவின் மகன் நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரே வீட்டில் அப்பா மேல் மண்ணை நம்பிப் பிழைக்கிறார். பிள்ளை கீழ் மண்ணை நம்பிப் பிழைக்கிறான். யாரும் யாரோடும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

சாயந்திரம் மாமா என்னைத் தம் டி.வி.எஸ். வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வீராணம் ஏரிக் கரைக்குப் புறப்பட்டார். பத்திரத்தைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கவில்லை. பெரிய விஷயங்களைப் பெண்கள் காதுக்கு எட்டாத இடத்தில் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. அத்தைக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்பது அத்தையின் கொள்கை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த ஏரியை நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. வந்தியத்தேவன் குதிரை ஏறி வந்தது இந்தக் கரைமேல்தான். எங்களுக்கு வாய்த்தது டி.வி.எஸ். வண்டி. பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப் பெயர் தேய்ந்து வீராணம் ஆயிற்று. நாற்பத்து நாலாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பியிருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷமாக ஓர் இயற்கை வளத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அது இன்னும் தீரவில்லை. தூர்ந்திருக்கிறது, சுருங்கியிருக்கிறது, ஆனால் தீரவில்லை. மேட்டூரில் திறந்த காவிரி, கொள்ளிடத்துக் கீழணையில் தேங்கி, வடவாற்றில் புகுந்து, வருஷா வருஷம் வந்து அதை நிரப்புகிறது. நாங்கள் போனபோதும் நிறைந்துதான் இருந்தது. மேற்கே வெயில் சாய்ந்து, கொக்கும் நாரையும் தாழப் பறந்துகொண்டிருந்தன.

"மாமா, இந்தத் தண்ணி சென்னைக்குப் போகுதே, உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். சென்னைக்காரனுடைய குற்ற உணர்ச்சி.

"இந்தத் தண்ணி நம்ம ஊர்லயா பொறந்துச்சு? குடகு மலையில பொறந்து எத்தனை ஊரைத் தாண்டி நம்மகிட்ட வருது. நமக்கு விட்டவன் இருக்கானே, அந்த மாதிரி நாமும் விடணும். குடிக்கிற தண்ணிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது." கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "ஏரி வத்துற வருசத்துல குழாய்க்கு முதல்ல, வயலுக்கு அப்புறம்னு வரும்போது வயிறு எரியத்தான் செய்யும். மனுசன்தானே? ஆனா அடுத்த வருசம் மறுபடியும் வருதில்லே? திரும்பி வர்ற சாமான் அது. குடுக்கலாம்."

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வற்றிப்போயின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது இந்த ஏரியும் எங்களைத் தாங்கியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

இந்தியாவின் நிலத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு தமிழ்நாடு. மக்களில் நூற்றுக்கு ஆறு பங்கு. தண்ணீரிலோ நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான். என் பெண்ணின் பாடப் புத்தகத்தில் கரியும் தண்ணீரும் மண்ணும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன: இயற்கை வளங்கள். எழுபத்தைந்து வயதுக் கிழவர் அவற்றை இரண்டு கட்டாகக் கட்டி வைத்துவிட்டார்: திரும்பி வருகிற சாமான், திரும்பி வராத சாமான். எனக்குப் பரங்கிப்பேட்டை ஞாபகம் வந்தது. வெள்ளாறு கடலில் விழுகிற அந்தத் துறைமுகத்தில் 1830-ல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் ஓர் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புத் தாது ஆற்று வழியே பரிசலில் வந்தது. உருக்குவதற்கு மரக்கரி. அந்த ஆலை இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. ஆனால் காட்டை வெட்டுகிற வேகத்துக்குக் காடு வளரவில்லை. கரிக்கு எங்கே போவது? அந்த நூற்றாண்டு முடியுமுன் ஆலை மூடிப்போயிற்று. திரும்பி வருகிற சாமானைக்கூட, அது திரும்பி வரும்வரை காத்திராமல் எடுத்தால் திரும்பி வராது என்பதற்கு அதுவே எங்கள் மாவட்டத்துச் சாட்சி.

கரையின் மேல் ஒரு மதகின் கட்டையில் உட்கார்ந்தோம். அங்கேதான் என் வெட்கக்கேட்டைச் சொன்னேன். பட்டியல், பென்சில், வீட்டுக் கடன், பால்கனி, பிரம்பு நாற்காலி ஒன்றையும் விடவில்லை. மாமா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் சிரித்தார். பொக்கைவாய்ச் சிரிப்பு. "நீ மட்டுமா? நானும் போட்டேன் மாப்ளே."

"நீங்களா!"

"ஏன், எனக்குப் பணம் கசக்குமா? காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் போட்டேன். அத்தைக்குத் தெரியாது." (அத்தைக்குத் தெரிந்திருக்கும்.) "எல்லாத்தையும் கூட்டினேன். வர்ற பணத்தை ஒரு வருசச் செலவால வகுத்தேன். பன்னெண்டு வருசம் வந்துச்சு. சரி, நிலம் எத்தனை வருசம் வரும்னு பார்ப்போம்னு உட்கார்ந்தேன். நல்ல வருசத்துல ஏக்கருக்கு முப்பது மூட்டை. எங்கப்பாவுக்குக் குடுத்துச்சு, அவரோட அப்பாவுக்குக் குடுத்துச்சு, உங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்துச்சு. இன்னும் எத்தனை வருசம்னு எழுதறது? எதால வகுக்கறது? அந்தக் கணக்கு எனக்கு வகுக்க வரலே. தாளை மடிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

"பேங்கில் போட்டால் வட்டி வருமே மாமா?"

"அதைத்தான் எம் பையனும் கேட்டான். வட்டி வரும். வட்டிக்கு அரிசி வாங்கலாம். நான் நிலத்தைக் குடுத்துட்டு வட்டி வாங்கறேன், அடுத்த வயல்காரன் குடுத்துட்டு வட்டி வாங்கறான், ஊரே வட்டி வாங்குது. அப்புறம் அரிசியை விக்கறவன் எந்த ஊர்க்காரன்?"

பொருளாதாரம் படித்த சிநேகிதர் ஒருவரிடம் பிற்பாடு இதைச் சொன்னேன். வேறு ஊரில் அரிசி விளையும், ரயிலில் வரும் என்றார். அவர் சொன்னதும் சரிதான். எல்லா ஊர்க்காரர்களும் அதையே சொல்லாமல் இருக்கிற வரையில் அது சரிதான்.

மாமா கரியை வெறுக்கிறவர் அல்ல. "கரி வந்துதான் இந்தப் பக்கம் விளக்கு எரிஞ்சுது. எம் மோட்டாருக்கு வர்ற இலவசக் கரண்டுல அதுவும் கலந்திருக்கும். எம் பையன் சம்பளம் அதுல வருது. நன்றி மறக்கக் கூடாது. ஆனா எங்க ஐயா காலத்துல இந்தச் சீமையில குழாயை இறக்கினா தண்ணி தானாப் பொங்கும். இப்ப எத்தனை அடி போனாலும் மோட்டார் வச்சு உறியணும். சுரங்கமும் எறைச்சுது, நாங்களும் எறைச்சோம். யாரைச் சொல்ல? வெட்டின பள்ளத்தை மூடி மரம் வைக்கறாங்க. மரம் வளருது, நானே பார்த்தேன். ஆனா இந்த வண்டல் அடுக்கு அடுக்கா ஆறு கொண்டாந்து போட்டது. கிண்டிட்டு மறுபடி அந்த வரிசையில அடுக்க எந்த மிசினுக்குத் தெரியும்?"

2023 ஜூலையில் வளையமாதேவிப் பக்கம் பரவனாற்றுக்குப் புது வாய்க்கால் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற வயலில் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. நிலம் முன்பே எடுக்கப்பட்ட நிலம் என்றார்கள். சட்டத்தின் கேள்வியை நியாயஸ்தலம் விசாரித்தது. ஏக்கருக்கு நாற்பதாயிரம் ரூபாய் ஈடு கொடுக்கச் சொன்னது. மாமாவும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கதிர் வர்றதுக்கு முந்தி பயிருக்கு ஒரு பச்சை உண்டு மாப்ளே. அந்தப் பச்சையில மிசினு ஏறக் கூடாது."

"சரி, பத்திரம் விஷயம் என்ன மாமா?" என்றேன்.

"உங்கம்மா பங்கு இன்னும் தாத்தா பேர்லயே கிடக்குது. எனக்கு வயசாச்சு. விக்கறதா இருந்தா சொல்லு, கடனோ உடனோ வாங்கி நானே எடுத்துக்கறேன். வெளியாளுக்குக் குடுத்துடாதே."

"விற்கவில்லை மாமா. அப்படியே இருக்கட்டும்" என்றேன் பெருந்தன்மையோடு. ஏரிக் கரை, மாலை வெயில், மாமாவின் பேச்சு எல்லாம் சேர்ந்து என்னை ஓர் உத்தமனாக்கியிருந்தன.

மாமா விடவில்லை. "அப்படியே இருக்கட்டும்னா என்ன அர்த்தம்? எனக்கப்புறம் யாரு உழறது? எம் பையன் கரிக்குப் போறான். நீ கதைக்குப் போறே. ஏலக்காரன் கையிலேருந்து தப்பிச்ச நிலம் தரிசாக் கிடந்து முள்ளு மண்டினா, அதுவும் போனாப்லதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. சட்டம் போட்டு நிலத்தைக் காப்பாற்றலாம். கடிதம் எழுதிக் காப்பாற்றலாம். உழுகிறவனை எந்தச் சட்டத்தால் உண்டாக்குவது? அந்த ஏலப் பட்டியலில் எங்கள் ஊர் பத்தே நாள் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு நிலம் என்னுடைய பட்டியலில் எத்தனை வருஷமாக இருந்திருக்கிறது! பஸ் ஏறிப் பட்டணம் போன நாளிலிருந்தே நான் அதை ஏலத்துக்கு வைத்திருந்தேன். கேட்கிறவன் வரவில்லை, அவ்வளவுதான்.

இருட்டும்வரை பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பட்டா என் பேருக்கு மாறுவது. மாமாவின் காலத்துக்குப் பிறகு, பக்கத்து வயலைப் பயிர் செய்கிற இளைஞருக்குக் குத்தகைக்கு விடுவது. அவருக்குச் சொந்த நிலம் இல்லை, உழவில் ஆசை இருக்கிறது. மாமா ஒரு நிபந்தனை போட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை, நாற்று விடுகிறபோதும் அறுக்கிறபோதும், நான் வந்து வரப்பில் நிற்க வேண்டும். "உழ வேண்டாம். உனக்கு வராது. வந்து நின்னாப் போதும். நிலத்துக்கு மொகம் தெரியணும்." ஒப்புக்கொண்டேன். நிறைவேற்றுவேனா என்று என்னை எனக்கே நம்பிக்கையில்லாததால்தான் இங்கே அச்சில் எழுதிவைக்கிறேன். வாசகர்கள் சாட்சி.

மறுநாள் ஊருக்குத் திரும்பினேன். காலையில் குழாயைத் திறந்து முகம் கழுவும்போது, முந்தின நாள் பார்த்த தண்ணீர் எனக்கு முன்னே வந்து காத்திருந்தாற்போல் இருந்தது. குழாயின் சொட்டு நிற்கவில்லை. மாதக்கணக்காகச் சொட்டுகிற குழாய்தான். அன்று ஆளைக் கூப்பிட்டு வாஷர் மாற்றச் சொன்னேன்.

என் பெண்ணிடம் மாமா சொன்னதையெல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், ரப்பரை எடுத்து முக்கோணத்தின் தெற்கு மூலையைக் கொஞ்சம் அழித்தாள். அங்கே பச்சைப் பென்சிலால் ஒரு நெற்கதிர் வரைந்தாள். கீழே சிறிய எழுத்தில் 'சேத்தியாத்தோப்பு: மண்' என்று எழுதினாள். கேட்டது கனிமங்களும் வளங்களும். மண்ணும் வளம்தானே என்பது அவள் வாதம்.

படம் திருத்தி வந்தது. நெற்கதிருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. பாடப் புத்தகத்தில் அந்தக் குறி இல்லை என்று அரை மார்க்கு குறைத்திருந்தார்கள். குழந்தைக்குக் கொஞ்சம் வருத்தம்.

"போனால் போகட்டும்" என்றேன். "அரை மார்க்குத்தானே? ஒன்றரை ஏக்கர் இருக்கிறது."